நான்கு ட்ராக்கில் ஒன்பது பாகம்: பவுன்ஸ் செய்யப் பழகுவோம்

நான்கு ட்ராக் ரெக்கார்டர், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனித் தடங்களில் பதிந்து ஒன்றாகக் கேட்க உதவும் மெஷின், கையில் இருக்கிறது. தாளம், பேஸ், கிதார், குரல் என்று நான்கும் நிரம்பிவிட்டது, இன்னும் கோரஸ் பாட வேண்டும், கீபோர்டு வாசிக்க வேண்டும், இடம்தான் இல்லை. எட்டு ட்ராக் மெஷின் வைத்திருப்பவருக்கும் இதே நிலைதான், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். இதற்குத்தான் பவுன்ஸ். ஏற்கெனவே பதிவான இரண்டு மூன்று ட்ராக்குகளைக் கலந்து காலியாக இருக்கும் இன்னொன்றில் மறுபடி பதிந்துகொள்கிறோம், பிறகு பழைய ட்ராக்குகளின் மேல் புதிதாக வாசிக்கிறோம். பிங்பாங் என்றும் சிலர் சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான்.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது ஒரே மாலையில் பழகிவிடும். சிரமம் வேறு இடத்தில் இருக்கிறது. கலந்தபின் பிரிக்க முடியாது. நீலச் சாயத்தில் மஞ்சளை ஊற்றிவிட்டு மஞ்சளை மட்டும் கொஞ்சம் குறை என்று கேட்க முடியாது இல்லையா, அதே மாதிரி. அதனால் இன்றைக்கு நீங்கள் வைக்கும் அளவு, இன்னும் பாடவே படாத குரலுக்கும் இன்னும் வாசிக்காத கிதாருக்கும் பொருந்தியாக வேண்டும். பவுன்ஸ் செய்யும்போது தனியாகக் கேட்க அழகாக இருக்கும் கலவை தேவையில்லை, முழுப் பாட்டுக்குள் போய் உட்காரும் கலவைதான் தேவை. இந்தக் கட்டுரையில் நான் வலியுறுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான், மற்றதெல்லாம் இதை எப்படிச் சாதிப்பது என்பதுதான்.

முதலில் ஒரு தாள்

ரெக்கார்டரை ஆன் செய்வதற்கு முன்னால் ஒரு தாளை எடுத்துப் பாட்டில் வரப்போகும் எல்லாப் பாகங்களையும் எழுதுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம்: டிரம் மெஷின், பேஸ், ரிதம் கிதார், ஷேக்கர், கீபோர்டு, இரண்டு கோரஸ் குரல்கள், முதன்மைக் குரல், நடுவில் ஒரு லீட் கிதார். மொத்தம் 9. மெஷினில் இருப்பது 4.

இதைப் பிரிப்பது இப்படி. 1-இல் டிரம், 2-இல் பேஸ், 3-இல் ரிதம் கிதார் பதியுங்கள். மூன்றையும் கலந்து 4-க்கு அனுப்புங்கள், அனுப்பும்போதே மைக் முன்னால் நின்று ஷேக்கரை நேரடியாக வாசித்து அதையும் 4-இல் சேர்த்துவிடுங்கள். இப்போது 4-இல் நான்கு பாகம், 1, 2, 3 காலி. அடுத்து 1-இல் கீபோர்டு, 2-இல் முதல் கோரஸ் குரல். இரண்டையும் 3-க்கு அனுப்பும்போது இரண்டாவது கோரஸை நேரடியாகப் பாடுங்கள். 3-இல் மூன்று பாகம். மீதமிருக்கும் 1-இல் முதன்மைக் குரல், 2-இல் லீட் கிதார். ஒன்பதும் முடிந்தது, இரண்டே பவுன்ஸ்.

இன்னும் ஒன்று தேவையென்றால் 1-இல் இருப்பதை 2-க்கு அனுப்பும்போது கூடவே ஒன்றை வாசித்துக்கொள்ளலாம், அப்போது 4, 3, 2, 1 என்று 10 பாகம் வரை போகும். இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயம், எந்தப் பாகமும் ஒரு தடவைக்கு மேல் நகலாவதில்லை. பவுன்ஸ் செய்ததையே மறுபடி பவுன்ஸ் செய்தால் கணக்குக்கு எத்தனை பாகம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஆனால் கேசட்டில் ஒவ்வொரு நகலிலும் உயர் ஒலி மங்கும், இரைச்சல் ஏறும். நேரடியாகச் சேர்த்து வாசிப்பவை நகலே ஆகாதவை, அதனால்தான் ஷேக்கரை அங்கே வைத்தேன். ஷேக்கர், சிம்பல், மணி மாதிரி மேல் ஸ்வரங்களில் வாழும் ஒலிகள்தான் நகலெடுத்தால் முதலில் வாடும். முதன்மைக் குரல் கடைசி வரை நகலாகாமல் இருப்பதும் அதே காரணத்துக்காகத்தான்.

அதே தாளில் இன்னொன்றையும் பாருங்கள். ஒரே நேரத்தில் ஒலிக்காத பாகங்கள் உண்டா? ஆரம்பத்தில் மட்டும் வரும் புல்லாங்குழலும் மூன்றாவது நிமிடத்தில் வரும் கிதார் தனியும் ஒரே ட்ராக்கில் பதியலாம், அதற்குப் பவுன்ஸே வேண்டாம். இது பலருக்குத் தோன்றுவதில்லை.

எதை எதோடு சேர்ப்பது

டிரம்மும் பேஸும் ஒன்றாக இருக்கட்டும் என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். தாளக்கட்டு முதலில் முடிந்துவிடுகிறது, அதனால் அது சௌகரியம்தான். ஆனால் காலால் அடிக்கும் கிக் டிரம்மும் பேஸும் ஒரே கீழ்ப்பகுதியில் மோதிக்கொள்பவை. ஈக்யூ என்பது கீழ், நடு, மேல் ஒலிகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ். சேர்த்தபின் பேஸ் அதிகம் என்று கீழ் ஈக்யூவைக் குறைத்தால் கிக்கும் சேர்ந்து போய்விடும். இவை இரண்டையும் சேர்த்தால், அந்த இரண்டின் அளவில் மட்டும் எந்தச் சந்தேகமும் வைத்துக்கொள்ளாதீர்கள், முடிவு செய்துவிட்டுத்தான் ரெக்கார்டை அழுத்த வேண்டும்.

இதற்கு நேர் எதிரான ஒரு வழி உண்டு, ட்ராக் அதிகம் இருக்கும் மெஷினில் இது மிக நன்றாக வேலை செய்யும். ஒன்றுக்கொன்று தூரத்தில் இருக்கும் ஒலிகளைச் சேர்த்து வையுங்கள். பேஸும் ஷேக்கரும் ஒரே ட்ராக்கில் இருந்தால், பின்னால் கீழ் ஈக்யூவைத் திருப்பினால் பேஸ் மட்டும் நகரும், மேல் ஈக்யூவைத் திருப்பினால் ஷேக்கர் மட்டும் நகரும். கலந்துவிட்டாலும் ஓரளவுக்குப் பிடி உங்கள் கையில் இருக்கும். குரலையும் கிதாரையும் இப்படிச் சேர்த்தால் பிடியே கிடைக்காது, இரண்டும் நடுப்பகுதியில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கும்.

கேசட்டில் பவுன்ஸ் பெரும்பாலும் மோனோதான் என்பதையும் இங்கேயே நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று பாகம் ஒரே ட்ராக்குக்குள் போனால் கடைசிக் கலவையில் மூன்றும் சேர்ந்துதான் இடது பக்கமோ வலது பக்கமோ நகரும். கீபோர்டை இடது, கோரஸை வலது என்று மனதில் வைத்திருந்தால் அவற்றை ஒரே பவுன்ஸில் போடக் கூடாது. ஸ்டீரியோ பவுன்ஸுக்கு இரண்டு ட்ராக் செலவாகும். நான்கு ட்ராக்கில் அது கட்டுப்படியாகாது, எட்டில் தாராளமாகச் செய்யலாம்.

கேசட் மெஷினில் செய்யும் விதம்

கேசட் மல்டிட்ராக் என்ற பொருளே 1979-இல் டியாக் வெளியிட்ட போர்ட்டாஸ்டுடியோ 144-இலிருந்துதான் பரவலாக வந்தது. அதற்குப் பிறகு வந்த பலவும் அதன் வழியில்தான் போகின்றன: சாதாரண கேசட்டின் இரண்டு பக்கங்களையும் சேர்த்து ஒரே திசையில் நான்கு ட்ராக்காகப் பயன்படுத்துவது. அதனால் கேசட்டைத் திருப்பிப் போட்டுப் பதியாதீர்கள், ஏற்கெனவே இருப்பதன் மேல் தலைகீழாகப் பதிவாகிவிடும். பல மெஷின்கள் சாதாரண வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில், நொடிக்கு சுமார் 9.5 செ.மீ., ஓடும். அப்படி ஓடினால் 60 நிமிடக் கேசட்டில் கிடைப்பது 15 நிமிடம். 90 நிமிடக் கேசட்டின் நாடா மெல்லியது, முன்னும் பின்னும் நூறு தடவை ஓடும் இந்த வேலைக்கு 60-தான் நல்லது. மெஷின் குரோம் கேசட் கேட்டால் குரோம்தான் போடுங்கள்.

டேப்பைத் தொட்டுப் பதியும், படிக்கும் ஹெட்டை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். அழுக்கு ஹெட்டில் பவுன்ஸ் செய்தால் அந்த மங்கல் நிரந்தரமாகிவிடும். பிட்ச் குமிழ் நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

1, 2, 3 சேனல்களின் இன்புட் சுவிட்சை மைக்கிலிருந்து டேப்புக்கு மாற்றுங்கள். இப்போது அந்த சேனல்களில் வருவது பதிவான ஒலி. அடுத்தது பேன் குமிழ், ஒலியை இடது வலது என்று நகர்த்துவது. பல மெஷின்களில் இடது பக்கம் 1, 3 ட்ராக்குகளுக்கும் வலது பக்கம் 2, 4 ட்ராக்குகளுக்கும் போகும், அதனால் 4-க்கு அனுப்ப மூன்று சேனல்களின் பேனையும் முழுக்க வலதுக்குத் திருப்ப வேண்டும். கேட்கும்போது ஒரு காதில் மட்டும்தான் வரும், ஹெட்ஃபோனை மோனோவில் போட வழியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். 4-இன் ரெக்கார்ட் சுவிட்சை வலதுக்கு வைத்து ஆர்ம் செய்யுங்கள், அதாவது பதியத் தயார் நிலையில் வையுங்கள்.

4-ஆவது சேனலின் ஃபேடரை, அதாவது சத்த அளவை ஏற்றி இறக்கும் நகர்த்தியை, முழுக்கக் கீழே இறக்குங்கள். இதை மறந்தால் 4-இல் பதிவாவது மறுபடி 4-க்கே போய்ச் சுற்றும், ஹெட்ஃபோனில் காதைப் பிளக்கும் சத்தம் வரும். பக்கத்து ட்ராக்கிலிருந்து, உதாரணமாக 3-இலிருந்து 4-க்கு அனுப்பும்போது, ஹெட்டுக்குள்ளேயே கொஞ்சம் ஒலி கசியும். விசில் மாதிரி மெல்லிய சத்தம் கேட்டால் அந்தப் பக்கத்து சேனலின் மேல் ஈக்யூவைக் குறைத்துப் பாருங்கள்.

பிறகு ரெக்கார்ட் இல்லாமல் பாட்டை ஓடவிட்டு 4-இன் மீட்டரைப் பாருங்கள். 0-வை ஒட்டி ஆடட்டும், சத்தமான இடங்களில் லேசாக மேலே போனாலும் டேப் தாங்கும். தாழ்வாகப் பதிந்தால்தான் ஆபத்து, அடுத்த தடவை ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். டிபிஎக்ஸ் அல்லது டால்பி என்ற இரைச்சல் குறைப்பு வசதி இருந்தால் முதல் பதிவிலிருந்து கடைசிக் கலவை வரை அதே நிலையில் விடுங்கள், நடுவில் மாற்றக் கூடாது.

மேல் ஈக்யூவை ஒரு சிட்டிகை கூட்டி பவுன்ஸ் செய்வது கேசட்டில் நல்ல பழக்கம், எப்படியும் கொஞ்சம் இழக்கப்போகிறோம். ஒரு சிட்டிகைதான். அதிகமானால் கிதாரின் நகச் சத்தமெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும்.

சரி, கேசட்டைப் பாட்டுக்குச் சில நொடி முன்னால் நிறுத்தி ரெக்கார்டை அழுத்துங்கள். ஆரம்பத்தில் இருக்கும் ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு எண்ணிக்கையையும் விடாமல் பவுன்ஸில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது போய்விட்டால் நாளைக்குக் கோரஸ் பாடும்போது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாது. கடைசிக் கலவையில் வெட்டிக்கொள்ளலாம். முடிவிலும் அப்படியே, கடைசி சிம்பல் முழுக்க அடங்கி வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் வரை ஸ்டாப் பக்கம் கையைக் கொண்டுபோகாதீர்கள்.

முடிந்ததும் 1, 2, 3-ஐ இறக்கிவிட்டு 4-ஐ மட்டும் கேளுங்கள், முதலிலிருந்து கடைசி வரை. நடுவில் ஓரிடத்தில் டேப் சரியாகப் படியாமல் ஒரு நொடி ஒலி மங்கியிருக்கலாம், அதை இப்போதே கண்டுபிடித்தால் மறுபடி செய்துவிடலாம். 1-இன் மேல் கீபோர்டை வாசித்தபின் கண்டுபிடித்தால் வழியில்லை.

டிஜிட்டல் மெஷினில்

இங்கே பொத்தான் வேலை குறைவு. ஆனால் வேறு வகையான பொறிகள் இருக்கின்றன.

பெரும்பாலான மெஷின்களில் பவுன்ஸ் என்று தனி மெனு இருக்கும். எந்த ட்ராக்குகளிலிருந்து, எந்த ட்ராக்குக்கு என்று கேட்கும், மோனோவா ஸ்டீரியோவா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். மிக்ஸ்டவுன், மாஸ்டர் என்று இன்னொரு மெனுவும் இருக்கும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். மிக்ஸ்டவுன் என்பது பாட்டு முடிந்தபின் எடுக்கும் கடைசி ஸ்டீரியோ ஃபைல். பவுன்ஸில் வருவது அதே ப்ராஜெக்டுக்குள் இன்னொரு ட்ராக்காகத் திரும்பி வரும், அதோடு சேர்த்து வாசித்துக்கொண்டே போகலாம்.

பெரும்பாலும் பாட்டு ஓடும் நேரம் முழுக்கக் காத்திருக்க வேண்டும், நான்கு நிமிடப் பாட்டுக்கு நான்கு நிமிடம். எப்போதும் 0-விலிருந்தே ஆரம்பியுங்கள். அந்த நான்கு நிமிடமும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேளுங்கள், எழுந்து போகாதீர்கள்.

லெவல் விஷயத்தில் கேசட்டில் சொன்னதற்கு நேர்மாறு. டிஜிட்டலில் 0-க்கு மேல் எதுவுமே இல்லை. தொட்டால் வெட்டுப்படும், கரகரப்பு பதிவிலேயே தங்கிவிடும். தனித்தனியாக அழகாக இருக்கும் ட்ராக்குகள் சேரும்போது கூடுகின்றன. ஒரே அளவுள்ள, சம்பந்தமில்லாத இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சுமார் 3 டெசிபல் ஏறும், ஒரே ஒலியின் இரண்டு நகல்கள் சேர்ந்தால் 6. அதனால் கூட்டுத்தொகையின் உச்சம் கழித்தல் 6-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்காமல் ஒவ்வொரு மூல ட்ராக்கின் ஃபேடரையும் அதே அளவு இறக்குவது பத்திரம். 24 பிட்டில் பதிகிறீர்கள் என்றால் கொஞ்சம் தாழ்வாக இருப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.

டிஜிட்டலில் இரைச்சலே இல்லை என்று நினைக்கிறோம், டேப் இரைச்சல்தான் இல்லை. மின்விசிறிச் சத்தம், மைக் ஆம்ப்பின் ஸ்ஸ்ஸ், பாடுவதற்கு முன் இழுக்கும் மூச்சு, தாளைப் புரட்டும் சத்தம், எல்லாம் ஒவ்வொரு ட்ராக்கிலும் இருக்கிறது. நான்கு கோரஸ் ட்ராக்குகளைச் சம அளவில் சேர்த்தால் பின்னணி இரைச்சலும் சுமார் 6 டெசிபல் கூடிவிடும். பாடாத இடங்களை பவுன்ஸுக்கு முன்பே அழித்துவிடுங்கள், மெஷினில் எரேஸ் வசதி இருந்தால் அதில், இல்லையென்றால் அந்த இடங்களில் ஃபேடரை இறக்கி ஏற்றியாவது. கோரஸ் வரும் முதல் எழுத்துக்கு அரை நொடி முன்னால் ஃபேடர் மேலே இருந்தால் போதும், மூச்சு கொஞ்சம் கேட்டால்தான் இயல்பாகவும் இருக்கும்.

பவுன்ஸ் முடிந்ததும் செய்ய வேண்டிய இரண்டு வேலைகள் உண்டு. புதிதாக வருபவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். முதலாவது, மூல ட்ராக்குகளை ம்யூட் செய்யுங்கள். இல்லையென்றால் எல்லாம் இரண்டு முறை ஒலிக்கும், திடீரென்று பாட்டு பிரமாதமாகிவிட்டது போலத் தோன்றும், அது வெறும் சத்தம் கூடியதுதான். இரண்டாவது, சேர்ந்த ட்ராக்கின் அமைப்புகளை வெறுமையாக்குங்கள். மூல ட்ராக்குகளில் வைத்த ஈக்யூ, பேன், அளவு எல்லாம் பதிவுக்குள் போய்விட்டன. சேர்ந்த ட்ராக்கில் பழைய ஈக்யூ ஏதாவது மிச்சமிருந்தால் அது இன்னொரு தடவை மேலே ஏறும். ஈக்யூவை அணைத்து, ரிவெர்பை (அறை முழக்கம் போன்ற எதிரொலியை) 0 ஆக்கி, ஃபேடரை இயல்பு நிலைக்குக் கொண்டுவந்து, ஸ்டீரியோ என்றால் ஒன்றை முழு இடதுக்கும் மற்றதை முழு வலதுக்கும் வையுங்கள். இப்போது மூலக் கலவையும் பவுன்ஸும் மாற்றி மாற்றிக் கேட்டால் ஒன்றாகவே இருக்க வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் எங்கோ ஒரு குமிழ் விட்டுப்போயிருக்கிறது.

அவுட்புட்டிலிருந்து கேபிளை எடுத்து இன்புட்டில் செருகி பவுன்ஸ் செய்யும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. உள்ளேயே செய்ய வசதியுள்ள டிஜிட்டல் மெஷினில் இது வேண்டவே வேண்டாம். வெளியே போய் உள்ளே வருவதற்குள் சில மில்லிசெகண்ட் தாமதம் சேரும், தாளம் சற்றுப் பின்தங்கும். பழைய ட்ராக்கும் புதியதும் சேர்ந்து ஒலித்தால் குழாய்க்குள்ளிருந்து வருவது போல வெறுங்கூடான ஒலியாகிவிடும்.

வராத குரலுக்கு இடம் விடுவது

நான் முதலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். டிரம், பேஸ், ரிதம் கிதார் மூன்றையும் கேட்டுக்கொண்டு அளவு வைக்கும்போது காது ஒரு வேலை செய்யும்: முன்னால் யாரும் இல்லையே என்று கிதாரை முன்னால் கொண்டுவரும். கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். பிறகு குரலைப் பாடி அதன் மேல் வைத்தால் குரல் கிதாருக்குப் பின்னால் போய் நிற்கும், ஏற்றினால் தனியாக மிதக்கும், இறக்கினால் சொற்கள் புரியாது. அப்போது கிதாரை மட்டும் குறைக்க முடியாது, அது டிரம்மோடு ஒட்டிப்போய்விட்டது.

இதைத் தவிர்க்க வழிகாட்டிக் குரல் ஒன்று வேண்டும். எட்டு ட்ராக் மெஷினில் ஒரு ட்ராக்கில் சும்மா பாடி வையுங்கள், சுருதி சற்று விலகினாலும் பரவாயில்லை, சொற்கள் சரியான இடத்தில் விழுந்தால் போதும். அதை ஒலிக்கவிட்டுக்கொண்டே மற்றவற்றின் அளவை வைத்துவிட்டு, பவுன்ஸ் செய்யும் நேரத்தில் அந்தக் குரலை மட்டும் ம்யூட் செய்யுங்கள். நான்கு ட்ராக்கில் அதற்கு இடமில்லை, அங்கே ஹெட்ஃபோனை ஒரு காதிலிருந்து விலக்கிக்கொண்டு நீங்களே கூடப் பாடிப் பாருங்கள். பாடும்போது எந்த இடத்தில் உங்களை அறியாமல் சத்தத்தை உயர்த்துகிறீர்களோ, அங்கே கிதார் அதிகம்.

நெருங்கிக் கேட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒரு வரியின் தொடக்கத்தில் ச, ஸ மாதிரி ஓர் எழுத்து வருகிறது, அதே தாளத்தில் கிதார் கம்பிகளை மேலிருந்து கீழே இழுக்கும் உரசலும் விழுகிறது. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கும் ஒலிகள், உரசல் எழுத்தை விழுங்கிவிடும், சிவந்த என்று பாடியது இவந்த என்று கேட்கும். கிதாரை ஒட்டுமொத்தமாகக் குறைப்பதைவிட அதன் மேல் ஈக்யூவை மட்டும் கொஞ்சம் இறக்கி பவுன்ஸ் செய்தால் எழுத்து வெளியே வரும், கிதாரின் உடலும் குறையாது. தனியாகக் கேட்டால் கிதார் சற்று மந்தமாகத் தெரியும். தெரியட்டும்.

பேஸ் விஷயத்தில் ஹெட்ஃபோனை மட்டும் நம்ப வேண்டாம். சில ஹெட்ஃபோன்கள் கீழ் ஒலியைத் தாராளமாகக் கூட்டிக் காட்டும், அதைக் கேட்டு பேஸைக் குறைத்து பவுன்ஸ் செய்தால் ஸ்பீக்கரில் பேஸே இருக்காது. சின்ன ஸ்பீக்கர் ஒன்றில், பக்கத்தில் ஒருவர் பேசினால் கேட்கும் அளவுக்குச் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேளுங்கள். அந்த அளவில் பேஸின் ஸ்வரங்கள் மாறுவது தெரிந்தால் அளவு சரி. தெரியவில்லை என்றால் பேஸின் சத்தத்தைக் கூட்டுவதற்கு முன் அதன் நடுப்பகுதி ஈக்யூவைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும்.

ரிவெர்ப் பற்றி என் கருத்து கறாரானது: பவுன்ஸில் ரிவெர்ப் வேண்டாம். முதல் பவுன்ஸில் கொஞ்சம், இரண்டாவதில் கொஞ்சம், கடைசிக் கலவையில் கொஞ்சம் என்று போனால் எல்லாம் சேர்ந்து பாட்டு தூரமாகப் போய்விடும், எடுத்துவிடவும் முடியாது. கோரஸ் குரல்களுக்கு மட்டும் லேசாகப் போடலாம், அவை பின்னால் நிற்க வேண்டியவைதானே. சத்தமான இடங்களை அமுக்கிச் சமன் செய்யும் கம்ப்ரெஷனையும் ஒவ்வொரு பாகத்துக்கும் தனியாக வையுங்கள், சேர்ந்த கலவையின் மேல் வேண்டாம். சேர்ந்ததன் மேல் வைத்தால் கிக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் கிதார் அமுங்கி எழும்.

அழிப்பதற்கு முன்

டிஜிட்டலில் அழிக்கவே தேவையில்லை. பவுன்ஸுக்கு முன் ப்ராஜெக்டை நகல் எடுத்து வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள், மெமரி கார்டில் இடம் இருக்கும். பல மெஷின்களில் வர்ச்சுவல் ட்ராக் இருக்கிறது: ஒவ்வொரு ட்ராக்குக்கும் பின்னால் பல அடுக்குகள், ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஒலிக்கும். மூலங்களை ஓர் அடுக்கில் விட்டுவிட்டு அடுத்த அடுக்கில் புதிதாக வாசிக்கலாம், தேவைப்பட்டால் திரும்பிப் போய் பவுன்ஸை மறுபடி எடுக்கலாம். அதற்குத் தாளில் ஃபேடர் நிலைகளையும் ஈக்யூவையும் எழுதி வைத்திருக்க வேண்டும். போனில் மெஷினை ஒரு படம் எடுத்துக்கொண்டாலும் போதும்.

கேசட்டில் மூலம் போனால் போனதுதான். 1960-களில் பீட்டில்ஸ் நான்கு ட்ராக் மெஷினில் பதிவு செய்தபோது இடம் நிரம்பினால் கலவையை இன்னொரு நான்கு ட்ராக் மெஷினுக்கு மாற்றிக்கொண்டார்கள், அதனால் முதல் டேப் அழியாமல் அப்படியே இருந்தது. நம்மிடம் இரண்டாவது மெஷின் இல்லை என்றாலும் கணினி இருக்கும். 1, 2, 3-ஐ ஒவ்வொன்றாகக் கணினியில் வேவ் ஃபைலாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக ஓடவிட்டு எடுப்பதால் டேப் வேகம் ஒவ்வொரு முறையும் இம்மி மாறும், பின்னால் சேர்த்தால் மெல்ல மெல்ல விலகும். ஆனால் ஒரு பாகத்தின் ஒரு பகுதியை மீட்க அது போதும்.

முடிந்தால் பவுன்ஸ் செய்த அன்றைக்கே மூலத்தின் மேல் பதியாதீர்கள். அன்றைக்குக் காது சோர்ந்திருக்கும், எல்லாம் சரியாகவே தோன்றும். மறுநாள் காலையில் முதல் முறை கேட்கும்போது வரும் எண்ணத்தை நம்புங்கள்.

பிசகிவிட்டால்

மூலமும் போய்விட்டது, பவுன்ஸிலும் அளவு சரியில்லை என்றால் ஓரளவு வழி உண்டு. பேஸ் குறைவாகப் போயிருந்தால் பல்லவி வரும் இடங்களில் மட்டும் இன்னொரு ட்ராக்கில் அதே பேஸை மறுபடி வாசித்து மேலே வையுங்கள், இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது கனமாகவும் இருக்கும். ஷேக்கர் காணவில்லையா, முதன்மைக் குரல் பாடாத இடங்களில் அதே ட்ராக்கில் ஷேக்கரைப் புகுத்தலாம். குறைவாக இருப்பதை இப்படி ஏதாவது செய்து கூட்டிவிடலாம். அதிகமாக இருப்பதை எடுக்க வழியே இல்லை. ஆகவே அளவு வைக்கும்போது ஒரு பாகம் இவ்வளவு போதுமா, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று தடுமாற்றம் வந்தால் குறைந்த பக்கமே நில்லுங்கள். கிக்கும் பேஸும் மட்டும் இதற்கு விலக்கு, பாட்டு நிற்பதே அவற்றின் மேல் என்பதால் அவற்றைச் சற்றுத் தாராளமாக வைத்தால் தப்பில்லை.